பேசியவர்கள் பட்டியல்

வியாழக்கிழமை ஆறாவது பீரியடு
டைம்டேபிளில் நீதிபோதனை.
வருஷம் முழுக்க அதைக்
கணக்கு சார் கடன் வாங்கியிருந்தார்,
திருப்பித் தந்ததில்லை.
அன்றைக்கு அவருக்கு வாக்காளர் பட்டியல் வேலை.
"பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று
சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.
நான் லீடர். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு,
கொருக்குப்பேட்டை.

முதலில் எழுதியது எபிநேசரை.
காலையில் கேட் போட்டிருந்தது.
ஐம்பத்திரண்டு டேங்கர் பெட்டிகளை எண்ணி முடித்து
அவன் வந்தபோது அட்டெண்டன்ஸ் பாதி ஓடியிருந்தது.
வெளியே நில் என்றார் தமிழய்யா.
நின்றான். தன் பேர் வந்ததும்
வெளியிலிருந்தே "உள்ளேன் ஐயா" என்றான்.
அப்போது எல்லோரும் சிரித்தோம்.
மத்தியானம் அவனே கேட்கிறான்:
"வெளிய நிக்கிறவன் உள்ளேன்னு சொன்னா அது பொய்யா?"

பொய்யில்லை, இலக்கணம் என்றாள் யுவராணி.
எழுதினேன்.
லேட்டானது இவனா ரயிலா என்றான் தமீம்.
ரயில் டைமுக்குத்தான் வந்தது என்றாள் கோட்டீஸ்வரி,
கேட்கீப்பர் மகள், அவளுக்குத் தெரியும்.
அப்போ கேட்டை மூடினவர்?
மூடச் சொன்னவர்? பாலம் கட்டாதவர்?
ஆளாளுக்கு மேலே ஒரு ஆள் இருந்தார்.

"அதெல்லாம் வுடு. டில்லி கீறானா இல்லியா, அத்த சொல்லு."

டில்லிபாபு தீபாவளிக்குப் பிறகு வரவில்லை.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான்.
ரெஜிஸ்டரில் தினமும் வருகிறான்.
எண்ணிக்கை குறைந்தால்
ஒரு வாத்தியாரை வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள்,
அது எங்களுக்கும் தெரியும்.

கட்டுரையில் 'கீறான்' என்று எழுதியதற்கு
எனக்கு இரண்டு மார்க் போயிருந்தது.
இருக்கிறான் என்று எழுது,
கீறுவது நகத்தின் வேலை என்றிருந்தார் தமிழய்யா.
மூன்றாவது பெஞ்சில் காம்பஸ் முனையால்
டில்லி தன் பேரைக் கீறியிருந்தான்.
கடைசி எழுத்தில் கை சறுக்கி
கோடு பலகையின் ஓரம் வரை போயிருந்தது.
எபிநேசர் அதில் விரலை ஓட்டினான்.
"ரெண்டு வெதத்துலயும் கீறாம்பா."

யாரும் சிரிக்கவில்லை.
கொடுங்கையூரில் மூன்று நாளாகக் குப்பை எரிந்தது,
ஜன்னல் பக்கத்துப் பெஞ்சுகள் இருமின.
பேர் இருந்தால் ஆள் இருக்கிறானா?
ஆள் இருந்து பேர் இல்லையென்றால்?
"எங்க தெருவே எதுலயும் இல்ல" என்றாள் மோகனப்பிரியா,
பேசியே நாங்கள் கேட்டிராதவள்.
அவள் பேரை எழுதும்போது எனக்கு எழுத்துப்பிழை வந்தது.

நானும் திரும்பி நின்று கேட்டேன்.
உண்மையைச் சொன்னால் ஒரு வாத்தியார் போவார்,
சொல்லாவிட்டால் டில்லியை யாரும் தேட மாட்டார்கள்,
இதில் எது நீதி?
கேட்டுவிட்டு என் பேரை எழுதினேன், சசிரேகா.
டில்லிபாபுவையும் எழுதினேன்.
அன்றைக்கு அதிகம் பேசியது அவன்தான்.

தலைமையாசிரியர் வந்து பட்டியலைப் படித்தார்.
"டில்லிபாபு எப்படி? அவன்தான் வர்றதே இல்லியே."
சொன்ன பிறகே அவர் காதில் அது விழுந்தது.
டஸ்டரை எடுத்தார். வைத்தார்.
மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அடுத்த வியாழன் இயற்கணிதம்.
எக்ஸ் என்று ஒன்று இருப்பதாக
வைத்துக்கொள்வோம் என்றார் சார்.
எபிநேசர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இப்போது திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
சரக்கு வந்ததென்று கையெழுத்துப் போடுவது என் வேலை.
அந்தக் கேள்வியெல்லாம் சோறு போடுமா என்றால்
போடாது என்றுதான் சொல்வேன்.
ஒரே தொல்லை,
நாற்பது பெட்டி என்று தாள் சொன்னால்
வெயிலில் இறங்கிப் போய் எண்ணிவிட்டு வருகிறேன்.
சூப்பர்வைசருக்கு என்னைப் பிடிக்காது.

மகள் பள்ளிக்கூட டைம்டேபிளில்
அந்தக் கட்டமே இல்லை.
பெற்றோர் கூட்டத்தில் எழுந்தேன்.
வாரம் ஒரு பீரியடு
பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கென்றே வையுங்கள் என்றேன்.
யார் எடுப்பது என்றார்கள்.
யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றேன்.

என் பேரைக் கேட்டு
எழுதிக்கொண்டார்கள்.